ஆட்சியர் விடும் லீவும் தேடுபொறி சொல்லும் தேதியும்

'சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம் 2024, உள்ளூர் விடுமுறை எப்போது?' எந்தத் தேடுபொறியில் கேட்டாலும் பக்கங்கள் வந்து குவியும். ஆனால் 2024-இல் மார்கழித் தேரோட்டமே கிடையாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள சுசீந்திரத்தில் திருவாதிரையை ஒட்டிய பத்து நாள் திருவிழா அது. ஒன்பதாம் நாள் தேர். மார்கழியோ பாதி டிசம்பரிலும் பாதி ஜனவரியிலும் விழுகிறது. 2023 ஜனவரியில் ஒரு தேரோட்டம், அதே ஆண்டு டிசம்பரில் இன்னொன்று, அடுத்தது 2025 ஜனவரியில்தான். திருவிதாங்கூர்க் காலத்தில் புழங்கிய கொல்லம் ஆண்டில் எண்ணிப் பாருங்கள்: 1198, 1199, 1200 என்று ஆண்டுக்கு ஒன்றாகச் சீராக வருகிறது. ஆவணியில் பிறக்கும் அந்த ஆண்டு மார்கழியை நடுவில் வெட்டுவதில்லை. எனக்கு இது இன்னும் தீராத வியப்பு.

நாம் கேட்கும் நேரத்தில் தேடுபொறி பஞ்சாங்கத்தைப் புரட்டுவதில்லை. இணையப் பக்கங்களை முன்கூட்டியே படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. அதிலிருந்து எடுத்து வரிசைப்படுத்துகிறது. கூகுளுக்கு ஓர் அட்டவணை, பிங்குக்கு வேறொன்று. டக்டக்கோவும் யாஹூவும் தங்கள் இணைய முடிவுகளைப் பெரும்பாலும் பிங்கிடமிருந்தே வாங்குகின்றன. ஆகவே பிங், யாஹூ, டக்டக்கோ மூன்றும் ஒரே தேதியைச் சொன்னால் மூன்று சாட்சி என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அது ஒரே சாட்சிதான்.

கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3. எதில் தேடினாலும் குழப்பம் வராது. மண்டைக்காட்டுக் கொடை முடிவது மாசிக் கடைசிச் செவ்வாய். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், இங்கேதான் சிக்கல். 1998-இல் கூகுள் எழுந்தது, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன என்ற கணக்கின் மேல். ஐந்தாறு ஆண்டுகளாகக் கிடக்கும் கொடைவிழாக் கட்டுரைக்குச் சுட்டிகள் சேர்ந்திருக்கும். நேற்று மாலை வந்த ஆட்சியர் அறிவிப்புக்கு ஒன்றுகூட இருக்காது. இதைச் சரிக்கட்ட, ஒரு சொல்லைப் பலரும் திடீரென்று தேடினால் புதிய பக்கங்களை மேலே தூக்கும் ஏற்பாடு பின்னால் வந்தது. தீபாவளிக்கு அது நன்றாகவே வேலை செய்யும். 2011 கணக்குப்படி 18.7 லட்சம் பேர் உள்ள இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு நாள் லீவுக்கு எழும் தேடல் அந்த அளவுக்குப் பெரிதில்லை.

ஓணம் இன்னொரு வகை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த இந்த மண்ணுக்கு அது வீட்டுப் பண்டிகை. ஆனால் சென்னைக்கும் கோவைக்கும்கூட ஓணத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவதுண்டு. மார்த்தாண்டத்தில் இருந்து தேடினாலும், செல்பேசி நிறுவனத்தின் இணைய இணைப்பு வேறு நகரம் வழியாகப் போனால், நம்மை அந்த நகரத்துக்காரராகத் தேடுபொறி நினைக்கக்கூடும். மாவட்டப் பெயரையும் சேர்த்துக் கேட்பது நல்லது. நாகர்கோவில் என்றும் நாகர்கோயில் என்றும் மாற்றிக் கேட்டுப் பாருங்கள், வரிசை மாறலாம்.

ஆட்சியரின் செய்திக்குறிப்பையே எடுத்துக்கொள்வோம். அதில் வழக்கமாக இரண்டு தேதிகள் இருக்கும்: விடுமுறை நாள், அதற்கு ஈடாக வேலைநாளாகும் ஒரு சனிக்கிழமை. தேடுபொறி பிய்த்துக் காட்டும் இரண்டு வரியில் சனிக்கிழமை விழுந்துபோகலாம். சில வேளை அதுவே லீவு போலத் தோன்றலாம். குறிப்பைக் காகிதத்தில் அச்சடித்துப் படம் பிடித்து ஏற்றியிருந்தால், அதிலுள்ள எழுத்து அட்டவணைக்குள் நுழையாமலே போகலாம். கடைசிப் பத்தியில் இன்னொரு வரி உண்டு: இந்த விடுமுறை 1881-ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் வராது, கருவூலங்கள் குறைந்த பணியாளர்களோடு இயங்கும். பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும் அந்த நாளில் வங்கி திறந்திருப்பது இதனால்தான்.