பாதத்தில் பிறக்கும் பலம்

1980-ஆம் வருஷம் மாஸ்கோ ஒலிம்பிக்கில், கயாக் என்னும் ஒடுங்கிய ஓடத்தைத் தனியொருத்தியாகச் செலுத்தி 500 மீட்டர் பந்தயத்தில் தங்கப் பதக்கம் வென்றபோது, கிழக்கு ஜெர்மனியின் பிர்கிட் பிஷருக்கு வயது 18. 2004-இல் ஏதென்ஸ் நகரில், நால்வர் செலுத்தும் ஓடத்தில் ஒருவராக அமர்ந்து, ஹங்கேரியப் பெண்களை நூலிழையில் முந்தித் தமது எட்டாவது ஒலிம்பிக் தங்கத்தை அவர் அடைந்தபோது வயது 42. இடையில் இரண்டு குழந்தைகளுக்குத் தாயாகி, பந்தயத்தை விட்டு விலகியும் மறுபடி திரும்பியும் வந்த அந்தத் தேகத்தில் அப்படி என்னதான் விசேஷம்?

துடுப்பு என்றதும் திரண்ட புஜங்களே நம் நினைவுக்கு வரும். கரையில் நிற்பவர் கண்ணுக்கும் கைகள்தாம் தெரிகின்றன. மெய்யான வேலையோ ஓடத்தின் வயிற்றுக்குள்ளே மறைவாக நடக்கிறது. துடுப்பின் வலப்பக்க முனை, கால்விரல்களுக்கு நேராக நீரில் இறங்கும் அந்தக் கணமே வலது பாதம் எதிரிலுள்ள பலகையை உதைக்கிறது. மடங்கிய முழங்கால் நீள, வலது இடுப்பு பின்வாங்க, முறுக்கியிருந்த உடம்பு முறுக்கவிழ, இடுப்பிலிருந்து அக்குள்வரை படர்ந்த அகன்ற முதுகுத் தசை அந்தப் பலத்தை வாங்கித் தோளுக்குத் தர, கை அதைத் துடுப்பிடம் ஒப்படைக்கிறது. சைக்கிள் மிதிப்பதுபோல் முழங்கால்கள் மாறிமாறி ஏறியிறங்க, நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் இது நிகழ்கிறது. கைப்பலத்தை மட்டும் நம்பி இழுப்பவர் பாதி வழியிலேயே சோர்ந்துபோவது இதனால்தான்.

2000-ஆம் வருஷம் சிட்னியில் போட்டியிட்ட துடுப்பு வீரர்களை ஆராய்ச்சியாளர் அளந்து பார்த்தபோது, மேலுடம்பு விரிந்தும், கொழுப்பு வெகுவாகக் குறைந்தும், ஆண்களுக்கு இடுப்பு ஒடுங்கியும் இருக்கக் கண்டார்கள். காரணம் ஓடத்திலேயே இருக்கிறது. ஒருவர் செலுத்தும் கயாக்கின் நீளம் 5.2 மீட்டருக்கு மேற்படலாகாது. எடை 12 கிலோவுக்குக் குறையலாகாது. இத்தனை இலேசான ஓடத்தில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் அதைச் சற்று ஆழ அமிழ்த்தி, நீரின் உராய்வை அதிகமாக்குகிறது. தசையின் பாரம் தனக்குரிய கூலியை உழைத்துக் கொடுத்துவிடும். கொழுப்பின் பாரமோ வெறும் சுமை.

எலும்பின் நீளமும் தோளின் அகலமும் பிறவியில் வருபவை. ஆனால் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது சுவாசமே. 500 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நிமிஷம் ஆகிறது. தசைகளில் சேமித்த சக்தி ஆரம்பப் பாய்ச்சலோடு பெரும்பாலும் தீர்ந்துபோக, மிச்சத் தூரத்தைப் பிராணவாயுவே இழுத்துச் செல்ல வேண்டும்; கால்களைவிடச் சிறியவையான மேலுடம்புத் தசைகள் அந்த வாயுவை இடைவிடாது வாங்கிச் செலவிடப் பழகுவது, நெடுங்கால அப்பியாசத்தால் மட்டுமே சித்திக்கும். பிஷர் துடுப்பைப் பிடித்ததோ ஆறு வயதில், தகப்பனாரோடு.

நால்வர் ஓடத்தில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: நான்கு துடுப்புகளும் ஒரே கணத்தில் நீரில் விழ வேண்டும், ஒன்று பிந்தினால் மற்ற மூன்றின் உழைப்பும் சிதறும். ஏதென்ஸில் அவருடன் துடுப்பு வலித்த கரோலின் லியோன்ஹார்ட், மாஸ்கோ பந்தயம் முடிந்து நான்கு வருஷங்களுக்குப் பிறகு பிறந்தவர். பத்தொன்பது வயதும் நாற்பத்திரண்டு வயதும் அன்று ஒரே தாளத்தில் நீரைத் தொட்டன.