நடுக்கடலில் இன்ஜின் சூடேறுதா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

மல்லிப்பட்டினத்திலிருந்து கிளம்பி வலை இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று வெப்பமானியின் முள் சிவப்புப் பக்கம் ஏறுது. "கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்ப்போம், தானா இறங்கிடும்" என்று விடுவதுதான் பலரும் செய்யும் தவறு. குளிர்நீர் இல்லாமல் ஓடும் இன்ஜினில் சில நிமிடங்களிலேயே கேஸ்கெட் போய்விடலாம், பிஸ்டன் சிக்கிக்கொள்ளலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து, இன்ஜின் நின்ற படகு காற்றின் போக்கில் நகர்வது. பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தப்படி வகுத்த கடல் எல்லை நமக்கு வெகு தூரத்தில் இல்லை. கச்சான் காற்று வீசும்போது படகு கிழக்கே, அந்த எல்லையை நோக்கித்தான் போகும்.

சூடு எப்படி வெளியேறுது?

பல விசைப்படகுகளில் இரண்டு வகைத் தண்ணீர் வேலை செய்யும். நல்ல தண்ணீர் இன்ஜினுக்குள் சுற்றிச் சூட்டை எடுக்கும். கடல் தண்ணீர் படகின் அடியிலிருந்து பம்பு வழியாக ஏறி, கூலரில் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு, பக்கவாட்டுக் குழாயில் வெளியே கொட்டும். அதனால் முள் ஏறியதும் அந்தக் குழாயை எட்டிப் பாருங்கள். பாதிப் பதில் அங்கேயே கிடைச்சிடும்.

தண்ணீர் கொட்டலையா?

உடனே இன்ஜினை நிறுத்தி, நங்கூரம் போடுங்கள். பிறகு வரிசையாகப் பாருங்கள்:

1. அடிவால்வு திறந்திருக்கிறதா?

2. வடிகட்டி அடைத்திருக்கிறதா? நம் கடலில் கடற்புல் அதிகம். அதை மேயும் கடற்பசுவுக்காகத்தான் 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அறுந்து மிதக்கும் புல்லும் பிளாஸ்டிக் பையும் வடிகட்டியில் வந்து சேரும். திறப்பதற்கு முன் அடிவால்வை மூடுங்கள், இல்லாவிட்டால் படகுக்குள் தண்ணீர் ஏறும். சுத்தம் செய்தபின் மறக்காமல் திறந்துவிடுங்கள்.

3. பம்பு பெல்ட் தளர்ந்திருக்கிறதா, அறுந்திருக்கிறதா?

4. பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் கிழிந்திருக்கிறதா? தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே அது கருகிவிடும். புதிதாக மாட்டுவதற்கு முன், உடைந்த துண்டுகளைத் தேடி எடுங்கள். அவை கூலரின் வாயில் போய் அடைத்தால் மறுபடி சூடேறும்.

கொட்டுது, ஆனாலும் சூடா?

வேகத்தைக் குறைத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். தண்ணீர் மெல்லிசாகக் கொட்டினால் பாதி அடைப்பு, மேலே சொன்னதையே பாருங்கள். நன்றாகக் கொட்டினால் கோளாறு நல்ல தண்ணீர்ப் பக்கம் இருக்கலாம். இன்ஜினை நிறுத்தி நன்றாக ஆறவிட்ட பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

தண்ணீர் குறைந்திருந்தால் ஹோஸில் கசிவு தேடுங்கள். நிறைய இருந்தால் தெர்மோஸ்டாட் சிக்கியிருக்கலாம், கூலரில் உப்புப் படிந்திருக்கலாம். வேகம் கூட்டும்போது மட்டும் சூடேறினால், விசிறியில் கயிறோ வலையோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் உதவி கேளுங்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஹெட் விரிசல் விடும்.

உதவி கேட்பதைத் தள்ளிப் போடாதீர்கள்

சரிசெய்ய முடியாது என்று தெரிந்ததும், எல்லை நெருங்கும் வரை காத்திருக்காமல் தகவல் சொல்லுங்கள்:

• இந்தியக் கடலோரக் காவல்படை: 1554
• கடலோரப் பாதுகாப்புக் குழுமம்: 1093
• விஎச்எஃப் கருவி: சேனல் 16

செல்போன் டவர் கிடைக்காத இடத்தில் இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கைகொடுக்கும். படகில் அது பொருத்தியிருந்தால், 'நபமித்ரா' செயலியைப் புளூடூத்தில் இணைத்து, செயற்கைக்கோள் வழியாகவே செய்தி அனுப்பலாம். படகின் பதிவு எண், ஜிபிஎஸ் இடம், படகில் எத்தனை பேர் என்ற மூன்றையும் முதலில் சொல்லுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம்தான் இம்பெல்லர், பெல்ட் மாற்றவும் கூலரைக் கழுவவும் ஏற்ற நேரம். கழற்றிய பழைய பெல்ட் நல்ல நிலையில் இருந்தால் வீசாமல் படகிலேயே வையுங்கள், அவசரத்துக்கு உதவும். மேலே உள்ள எண்களை உங்கள் போனில் மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்கள் போனிலும் இன்றே சேமித்து வையுங்கள்.