ஒரு தேக்கரண்டி கடல்நீரின் கணக்கு

ஒரு தேக்கரண்டி கடல்நீரை அள்ளினால் அதில் ஏறக்குறைய ஐம்பது இலட்சம் பக்டீரியாக்கள் இருக்கும். வைரசுகள் அதைவிடப் பத்து மடங்கு. கண்ணுக்கு அது வெறும் தண்ணீர்தான். இவை எல்லாம் நோய்க் கிருமிகள் என்று பயப்பட வேண்டாம். அநேகமானவை எம்மைத் திரும்பியும் பாராதவை. தமக்குள்ளேயே தின்று, தின்னப்பட்டு, பெருகி, செத்துக்கொண்டிருப்பவை. இவற்றின் சீவியத்தைக் கணனியில் கணக்காகப் போட்டுப் பார்ப்பதற்கென்றே கலாநிதிப் பட்ட ஆய்வு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இங்கே எழுத வருகிறேன்.

"இதை எழுத நீர் ஆர்?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலை. என் பக்கத்தில் நின்று மீன் வெட்டும் அண்ணர் ஒருவரின் மகள் இந்த ஆய்வைத்தான் செய்கிறாள். "மகள் டொக்டருக்குப் படிக்கிறாளாமே?" என்று கோயிலில் கேட்பவர்களுக்கு அண்ணர் "ஓம்" என்பார். "எந்த ஆஸ்பத்திரி?" என்று அடுத்த கேள்வி வந்ததும் முழிப்பார். மருந்து எழுதாத டொக்டர்களும் உண்டு என்பது எங்கள் சனத்துக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அதனால் அந்தப் பிள்ளையிடமே கேட்டேன். பொறுமையாகச் சொல்லித் தந்தாள். மிச்சத்தை நூலகத்தில் எடுத்து வாசித்தேன்.

முதலில் ஒரு பழைய கதை. 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலக யுத்தத்தின்போது அத்திரியாத்திக் கடலில் மீன்பிடி குறைந்துபோயிற்று. யுத்தம் முடிந்தபின் உம்பர்ட்டோ தான்கோனா என்ற இத்தாலிய உயிரியலாளர் மீன் சந்தைகளின் பதிவேடுகளைப் புரட்டினார். யுத்த காலத்தில் பிடிபட்ட மீனில், சுறா போன்ற தின்னி மீன்களின் பங்கு கூடியிருந்தது. வலை போடாமல் விட்டால் எல்லா மீனும்தானே ஒன்றாகப் பெருகவேண்டும்? அவருடைய மாமனார் வீட்டோ வொல்தேரா கணிதப் பேராசிரியர். கேள்வி அவரிடம் போனது. 1926 இல் மாமனார் இரண்டு சமன்பாடுகளில் விடை எழுதினார். இரை பெருகும் வேகம், தின்னி இரையைச் சந்திக்கும் தடவைகள், தின்னி சாகும் வேகம், இவ்வளவுதான் சங்கதி. வலை இரண்டையும் வாரும்போது அடி கூட விழுவது தின்னிக்கு. வலை நின்றால் ஆதாயமும் அதற்கே. தடைச்சட்டத்தால் கடலுக்குப் போகமுடியாமல் வள்ளத்தைக் கரையில் கவிழ்த்து வைத்திருந்த எங்கள் சனத்துக்கு இந்தக் கதை அந்நியமாக இராது.

அந்தப் பிள்ளை செய்வதும் இதே கணக்கின் பேரப்பிள்ளைதான். "வங்கிக் கணக்கு மாதிரி, சித்தப்பா. நேற்று எத்தனை இருந்தது, இன்றைக்கு எத்தனை பிறந்தது, எத்தனை செத்தது. மிச்சம்தான் நாளைக்குத் தொடங்கும் தொகை" என்றாள். இரண்டு உயிருக்கு என்றால் கடதாசியில் போடலாம். நூறு வகைக்கு, ஒவ்வொன்றின் வரவும் மற்றதன் செலவாக இருக்கும்போது கையால் முடியாது. வெளிச்சம், சூடு, நைதரசன், பொசுபரசு எல்லாம் கணக்குக்குள் வரவேண்டும். கணனி மணித்தியாலம் மணித்தியாலமாகக் கூட்டிக் கழித்து, பல வருடத்துக் கடலை ஓட்டிக் காட்டுகிறது. இதைத்தான் மாதிரியுரு, மொடல் என்கிறார்கள்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. 1961 இல் ஹட்சின்சன் என்ற அறிஞர் கேட்டது. ஒரே தண்ணீர், ஒரே வெளிச்சம், சாப்பாடோ நாலைந்து வகைச் சத்து மட்டும். அப்படியானால் எது வேகமாகத் தின்று பெருகுகிறதோ அது வென்று, மற்றதெல்லாம் அழிந்துபோகவேண்டுமே? கடலில் எப்படி இத்தனை வகை நுண்பாசிகள் ஒன்றாகச் சீவிக்கின்றன?

இதற்கு விடை தேடியதில் நோர்வேயின் பேர்கன் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1989 இல் அங்குள்ளவர்கள் இயற்கை நீரை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்து எண்ணி, ஒரு மில்லிலீற்றருக்கு 25 கோடி வரை வைரசுகள் இருப்பதாக அறிவித்தார்கள். அதுவரை தண்ணீரில் வைரசு கொஞ்சம்தான் என்று எண்ணியிருந்த உலகம் திகைத்தது. பிறகு அதே பல்கலைக்கழகத்தின் ஃபிரெட தின்ஸ்தாட் ஒரு மொடல் எழுதினார். அதன் பெயரே "வெல்பவனைக் கொல்". ஒரு பக்டீரியா வகை வேகமாகப் பெருகினால், அதை மட்டும் தாக்கும் வைரசுக்கு அது அடிக்கடி அகப்படும். வைரசு பெருகி அதன் தொகையை இறக்கிவிடும். அந்த இடைவெளியில் மந்தமான வகைகளுக்கும் சாப்பாடு கிடைக்கும். அதாவது, வேகமானதை வைரசு அடித்து இறக்குவதால்தான் மற்றதுகள் உயிரோடு இருக்கின்றன. எனக்கு இது பிடித்துக்கொண்டது. உலகத்தில் வேறெங்கும் இப்படி நீதி நடக்கக் கண்டதில்லை!

கணக்கு சரியா என்று கடலிடமே கேட்கவேண்டும். பேர்கனுக்குப் பக்கத்து ஃபியோர்டில் மிதக்கும் மேடையில் பெரிய பிளாஸ்ரிக் பைகளைக் கட்டித் தொங்கவிட்டு, கடல்நீரை நிரப்பி, கொஞ்சம் பசளைச் சத்தும் போட்டு, நாளுக்கு நாள் எண்ணுவார்கள். கோடை தொடங்கும்போது சில வருடங்களில் ஃபியோர்டுத் தண்ணீர் பால் கலந்த நீலமாக மாறுவதைக் கண்டிருப்பீர்கள். அது எமிலியானியா ஹக்ஸ்லேயி என்ற, சுண்ணாம்புத் தகடு போர்த்த நுண்பாசி. அது பொங்கிப் பெருகிப் பிறகு திடீரென்று விழுவதில் வைரசுக்குப் பெரும் பங்கு இருப்பதை அந்தப் பைகளில் கண்டார்கள்.

அமெரிக்காவின் எம்.ஐ.ரீ. நிறுவனத்தில் மிக் ஃபொலோஸ் குழுவினர் 2007 இல் இன்னொரு விதமாகச் செய்தார்கள். கணனிக் கடலில் 78 வகைக் கற்பனை நுண்பாசிகளை விதைத்தார்கள். எதற்கு எந்தச் சூடு, எந்த வெளிச்சம் பிடிக்கும் என்பதைத் தாயம் உருட்டுகிற மாதிரி எழுமாறாகக் கொடுத்தார்கள். பிறகு போட்டிக்கு விட்டுவிட்டார்கள். பெரும்பாலானவை ஒடுங்கிப்போக, சில வகைகள் கடலைப் பிடித்தன. சத்துக் குறைந்த வெப்பக் கடலில் வென்றவை, உண்மைக் கடலில் அதே இடத்தில் இருக்கும் புரோகுளோரோகொக்கசு என்ற மிகச் சிறிய உயிரை ஒத்திருந்தன. ஆரும் சொல்லிக் கொடுக்காமல் கணக்கு தானாக அங்கே போய்ச் சேர்ந்தது.

இதனால் யாருக்கு என்ன பலன்? உலகில் நடக்கும் ஒளித்தொகுப்பில் ஏறக்குறைய பாதி கடலில்தான் நடக்கிறது, அதைச் செய்வது பெரும்பாலும் இந்த நுண்ணுயிர்கள். மனிதர் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் காற்பங்கு அளவைக் கடல் உள்வாங்குகிறது. கடல் சூடாகும்போது இந்தக் கணக்கு எப்படி மாறும் என்று பார்க்க வேறு கடல் கிடையாது, கணனிக் கடல்தான் இருக்கிறது.

எங்களுக்கோ இன்னும் கிட்டிய காரணம் உண்டு. 2019 மே, யூன் மாதங்களில் வட நோர்வேயில் கிறைசோகுரோமுலினா என்ற நச்சுப் பாசி பெருகி, கூடுகளில் வளர்த்த சால்மன் மீன்கள் ஏறத்தாழ 80 இலட்சம் செத்தன. கூட்டில் இருக்கும் மீன் எங்கே ஓடும்? அப்போது நான் வேலை செய்த இடத்தில் மீன் வரத்து நின்று, சில கிழமைகள் வீட்டில் இருந்தோம். வாடகை நிற்கவில்லை. "உன் மொடல் இதை முன்கூட்டிச் சொல்லுமா?" என்று கேட்டேன். "என்னுடையது சொல்லாது, சித்தப்பா. எந்த நாள், எந்த ஃபியோர்டு என்று சொல்ல என்னிடம் போதிய அளவீடுகள் இல்லை" என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்தது.

பெற்றோருக்கு இரண்டு விசயம். நோர்வேயில் கலாநிதிப் பட்ட ஆய்வு என்பது சம்பளமுள்ள வேலை. விளம்பரம் வரும், விண்ணப்பிக்க வேண்டும். மூன்று வருடம், கற்பித்தலும் சேர்ந்தால் நான்கு. அதற்கு முன்னால் இளநிலை மூன்று வருடம், முதுநிலை இரண்டு வருடம். ஆனால் கதவு திறப்பதும் அடைபடுவதும் பிள்ளை பதினாறு பதினேழு வயதில் எடுக்கும் கணிதத்தில். ஆர்-1, ஆர்-2 என்ற பாடங்களைக் கடினம் என்று விட்டுவிட்டால் பிறகு திரும்பிவந்து படிக்க நேரமும் காசும் போகும். பாடத் தெரிவுப் படிவம் வீட்டுக்கு வரும்போது பாசை விளங்கவில்லை என்று கையெழுத்தை மட்டும் வைத்துக் கொடுக்காமல், ஆசிரியரைப் போய்ச் சந்தியுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் முன்கூட்டியே கேளுங்கள்.

அந்தப் பிள்ளையின் நாளில் பெரும் பங்கு கடலில் கழிவதில்லை. கணனிக்கு முன்னால், எங்கேயோ விட்ட ஒரு கழித்தல் குறியைத் தேடுவதில் கழிகிறது. கப்பலில் போனது ஒரேயொரு முறை, அதிலும் பாதி நாள் சத்தி. வருகிற வசந்தத்தில் ஆய்வை அறிஞர்கள் முன் வைத்து வாதாடவேண்டும். இந்த நாட்டில் அது பகிரங்க நிகழ்ச்சி, ஆரும் போய் இருக்கலாம். அண்ணர் இப்போதே மேற்பார்வையாளரிடம் லீவு சொல்லி வைத்துவிட்டார். கூடவே எனக்கும்.