கொல்கத்தாவில் போட்ட ஒப்பந்தம், ரூபாய் நோட்டில் தமிழ்: மொரீஷியஸ் உருவான கதை

மொரீஷியஸ்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஹனிமூன் பேக்கேஜ், நீலக் கடல், சினிமா டூயட். ஃபைனான்ஸ் துறையில் இருப்பவர் என்றால் 'மொரீஷியஸ் ரூட்'. ஆனால் இந்தத் தீவு நாட்டை உண்மையிலேயே புரிந்துகொள்ள வேண்டும் என்றால், பீச்சிலிருந்து அல்ல, கொல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றங்கரையிலிருந்து தொடங்க வேண்டும்.

கிதிர்பூர் துறைமுகப் பகுதியில் 2011 ஜனவரியில் ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. இங்கிருந்து கப்பலேறி, மொரீஷியஸ், டிரினிடாட், கயானா, ஃபிஜி என்று உலகின் மூலைகளுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான நினைவிடம் அது. அவர்களில் பெரும்பாலானோர் திரும்பி வரவே இல்லை.

கொல்கத்தாவுக்கும் மொரீஷியஸுக்கும் என்ன சம்பந்தம்?

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-ல் வந்தது. மொரீஷியஸில் அது 1835 பிப்ரவரி 1 அன்று அமலானது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு இப்போது ஒரே கவலை: இனி குறைந்த கூலிக்கு யார் வேலை செய்வார்கள்?

பதில் கொல்கத்தாவில் கிடைத்தது. 1834 செப்டம்பரில், சோட்டா நாக்பூர் மலைப்பகுதியைச் சேர்ந்த 36 பேரை ஒரு வணிக நிறுவனம் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. ஆண்களுக்கு மாதச் சம்பளம் 5 ரூபாய். 'அட்லஸ்' என்ற கப்பல் அவர்களை 1834 நவம்பர் 2 அன்று போர்ட் லூயிஸில் இறக்கியது. அந்த நாள் இன்று மொரீஷியஸில் அரசு விடுமுறை.

அதன் பிறகு கப்பல்கள் நிற்கவில்லை. முறைகேடுகள் பற்றிய புகார்களால் இடையில் சில ஆண்டுகள் தடை போட்டார்கள், மறுபடியும் திறந்தார்கள். கொல்கத்தாவோடு சென்னை, பம்பாய் துறைமுகங்களிலிருந்தும் ஆட்கள் போனார்கள். மொத்தத்தில் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் அங்கே போய் இறங்கினார்கள். அவர்கள் ஏறி வந்த கல் படிகள் இப்போதும் இருக்கின்றன. 'ஆப்ரவாசி காட்' என்ற அந்த இடம் 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது.

ஒப்பந்தம் என்றால் சுதந்திரம்தானே என்று நினைக்காதீங்க. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிப்பார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்துக்கு வெளியே நடந்தால் கைது செய்யலாம். அடிமை என்ற பெயர் போனதே தவிர, நடத்திய விதம் பெரிதாக மாறவில்லை.

அந்தத் தீவில் அப்படி என்ன இருக்கு?

மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 800 கி.மீ தூரத்தில், எரிமலைக் குழம்பு உறைந்து உருவான தீவு. ரோட்ரிக்ஸ் போன்ற சிறு தீவுகளையும் சேர்த்து நாட்டின் பரப்பு சுமார் 2,040 சதுர கி.மீ. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மக்கள்தொகை 13 லட்சத்துக்கும் குறைவு. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இந்திய வம்சாவளியினர்.

மண் முழுக்க எரிமலைக் கல். அதைப் பொறுக்கி எடுத்தால்தான் கரும்பு நட முடியும். இன்றும் கரும்பு வயல்களின் நடுவே கற்கள் சின்னச் சின்ன குன்றுகளாகக் குவிந்து கிடப்பதைப் பார்க்கலாம். தொழிலாளர்கள் கையால் சுமந்து அடுக்கிய கற்கள் அவை. சரி, ஏன் கரும்பு? புயல் அடிக்கடி வரும் தீவு இது. மரப் பயிர்கள் முறிந்து விழும், கரும்பு சாய்ந்தாலும் ஓரளவு எழுந்துகொள்ளும்.

தமிழர்கள் எப்போது போனார்கள்?

கொல்கத்தாவிலிருந்து கப்பல் கிளம்புவதற்கு நூறு ஆண்டுகள் முன்பே! 18-ம் நூற்றாண்டில் தீவு பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. துறைமுகமும் நகரமும் கட்ட, புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனார்கள், தச்சர்கள் போன்ற கைவினைஞர்களைக் கொண்டுபோனார்கள். வணிகர்களும் போனார்கள்.

இந்த 'யார் முதலில் வந்தது' என்ற கேள்வி பழங்கதை இல்லை. மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் எழுத்துகள் இருக்கும். 1998-ல் வெளியான புதிய நோட்டுகளில் தமிழுக்கு மேலே இந்தி வந்தது. தமிழ்ச் சமூகம் கொதித்தது, போராட்டம் நடந்தது. கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே புதிதாக அச்சிட்டார்கள்.

இதில் ஒரு முரணும் இருக்கு. வரிசைக்காகப் போராடிய குடும்பங்களில் பெரும்பாலானவை வீட்டில் தமிழ் பேசுவதில்லை. பேச்சு மொழி கிரியோல். ஆனால் தைப்பூசக் காவடிக்கு நாடு முழுக்க விடுமுறை. விசேஷங்களில் வாழை இலையில் ஏழு கறி பரிமாறுவார்கள். தெருவோரம் விற்கும் 'காத்தோ பிமா'வைக் கடித்துப் பார்த்தால், அட, நம்ம பருப்பு வடையின் தம்பி! 2018-19-ல் தற்காலிக அதிபராக இருந்தவரின் பெயர் பரமசிவம் பிள்ளை வையாபுரி. மொழி போன பிறகும் எழுத்து, பெயர், சாப்பாடு, சாமி ஆகிய நான்கும் தங்கிவிட்டன.

கரும்புத் தீவு எப்படிப் பணக்காரத் தீவானது?

1960-களின் தொடக்கத்தில், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட் இந்தத் தீவை ஆராய்ந்தார். ஒரே பயிர், பெருகும் மக்கள்தொகை, இனப் பிளவுகள். தேறுவது கஷ்டம் என்பதே அவர் கணிப்பு.

1968 மார்ச் 12 அன்று சுதந்திரம் வந்தது. 1970-ல் ஏற்றுமதி மண்டலத் திட்டம், அதையொட்டி ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள், அவற்றில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை. சர்க்கரைக்கு ஐரோப்பா உத்தரவாத விலை கொடுத்தது. அந்த லாபம் சுற்றுலாவுக்குள் பாய்ந்தது. பிறகு நிதிச் சேவை வந்தது.

இங்கேதான் 'மொரீஷியஸ் ரூட்' வருகிறது. இந்தியாவுடன் 1982-ல் கையெழுத்தான இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தப்படி, மொரீஷியஸ் நிறுவனம் இந்தியப் பங்குகளை விற்று லாபம் பார்த்தால் வரி போடும் உரிமை மொரீஷியஸுக்குத்தான். மொரீஷியஸோ வரி போடவில்லை. விளைவு, இந்தியாவுக்கு அந்நிய முதலீடு அனுப்பும் நாடுகளில் இந்தக் குட்டித் தீவு பல ஆண்டுகள் முதலிடம். 2016-ல் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கும் பங்குகளின் லாபத்துக்கு இந்தியா வரி போடலாம்.

2020-ல் உலக வங்கி மொரீஷியஸை உயர் வருமான நாடு என்று அறிவித்தது. கொரோனாவால் சுற்றுலா நின்றதும், அடுத்த ஆண்டே ஒரு படி கீழே இறங்கியது. அதே 2020-ல் 'வாகாஷியோ' கப்பல் பவளப் பாறையில் மோதி, எண்ணெய் கடலில் கொட்டியது. கடலை நம்பிப் பிழைக்கும் நாட்டுக்கு ஒரு விபத்தே எவ்வளவு பெரிய அடி என்பதை அந்த ஆண்டு காட்டியது.

இதெல்லாம் இப்போ ஏன் முக்கியம்?

2024 பிப்ரவரியில் மொரீஷியஸில் யுபிஐ அறிமுகமானது. அதே மார்ச்சில் அங்கே சென்ற குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, ஏழாம் தலைமுறை இந்திய வம்சாவளியினரும் ஓசிஐ அட்டை பெறலாம் என்று அறிவித்தார்.

ஏழு தலைமுறைக்கு முந்தைய உறவை எப்படி நிரூபிப்பது? அங்கேதான் பழைய காகிதங்கள் உதவிக்கு வருகின்றன. வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து, பெயர், வயது, ஊர், சாதி, வந்த கப்பல் என்று அதிகாரிகள் பதிவு செய்தார்கள். அந்த ஆவணங்கள் மோகா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. தொழிலாளி ஓடிவிடாமல் இருக்க எழுதிய பதிவு, இன்று அவருடைய பேத்தியின் பேத்திக்கு உரிமைச் சான்று.

அடுத்த முறை மொரீஷியஸ் டிக்கெட் போட்டால், போர்ட் லூயிஸில் அந்தப் படிகளில் ஒருமுறை ஏறிவிட்டு பீச்சுக்குப் போங்க. கையில் இருக்கும் நோட்டில் தமிழ் எத்தனையாவது இடத்தில் இருக்குன்னும் ஒரு தடவை பார்த்துக்குங்க.