எலும்பை அரிக்கும் உயிரணுக்களின் ஆயுள்

எலும்பு ஒரு முறை உருவானபின் மாறாது நிற்கும் பொருள் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. வளர்ந்த மனிதரின் எலும்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. உப்புப் பூத்த காரையை ஒருவர் கொத்தி எடுத்தபின் கொத்தனார் புதுக் காரை பூசுவது போன்றதே இவ்வேலை. எலும்பில் கொத்தி எடுக்கும் பணியைச் செய்யும் உயிரணுவுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர். அது அமிலத்தைச் சுரந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. நொதிகளால் எஞ்சிய புரதத்தைச் சிதைக்கிறது.

கொத்துபவர் வேலை முடிந்தும் நீங்காவிடில் சுவர் மெலிந்துவிடும். ஆகவே இவ்வுயிரணுக்கள் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் மடிவது அவசியமாகிறது. இம்மரணம் தற்செயலானதன்று, உயிரணு தன்னைத் தானே ஒழுங்காக அழித்துக்கொள்ளும் செயலாகும். இதனை அபோப்டோசிஸ் என்பர்.

அதன் காலத்தை நிர்ணயிப்பவை செய்தி கொண்டுசெல்லும் புரதங்களே. எம்.சி.எஸ்.எப்., ரேங்க்-எல் ஆகிய இரண்டும் இவ்வுயிரணுக்களை உருவாக்குவதோடு உயிருடன் காக்கவும் செய்கின்றன. சோதனைக் குழாயில் இவ்விரண்டையும் நீக்கிவிட்டால் அவை விரைவில் மடிகின்றன. 1997-ஆம் ஆண்டில் அறியப்பட்ட ஆஸ்டியோபுரோட்டெகெரின் என்னும் புரதம், ரேங்க்-எல் புரதத்தை இடையிலேயே பற்றிக்கொண்டு அதன் செய்தி போய்ச் சேராமல் தடுக்கிறது.

பெண்களின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனுக்கும் இதில் பங்குண்டு. அது டி.ஜி.எப்.-பீட்டா என்னும் புரதத்தின் வாயிலாக இவ்வுயிரணுக்களின் மரணத்தைத் தூண்டுகிறது என்பது எலிகளின் உயிரணுக்களைக் கொண்டு 1996-இல் காட்டப்பட்டது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அரிக்கும் உயிரணுக்கள் எண்ணிக்கையில் பெருகுவதோடு நெடுநாள் வாழவும் செய்கின்றன. புதிய எலும்பு அதற்கு ஈடுகொடுக்க இயலாமையால் எலும்பு மெலிகிறது. சிறு வீழ்ச்சியிலும் இடுப்பெலும்பு முறிவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இவ்வறிவைக் கொண்டு மருந்துகள் தோன்றியுள்ளன. பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகள் எலும்பில் படிந்து, அதனை அரிக்க வரும் உயிரணுக்களை மடியச் செய்கின்றன. 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்ற டெனோசுமாப், ரேங்க்-எல் புரதத்தைத் தடுக்கிறது; ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசியாக அளிக்கப்படுகிறது. ஆனால் அதனை நிறுத்தியதும் எலும்பு வேகமாகக் குறைகிறது; சிலருக்கு முதுகெலும்புகள் பல முறிந்துள்ளன. 2021-இல் சிட்னியிலுள்ள கார்வன் ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கு ஒரு விளக்கம் அளித்தனர். எலிகளில் இவ்வுயிரணுக்கள் யாவும் மடிவதில்லை. சில சிறு உயிரணுக்களாகப் பிரிந்து மீண்டும் ஒன்றுசேர்கின்றன. ரேங்க்-எல் தடுக்கப்படும்போது இச்சிறு உயிரணுக்கள் சேர்ந்து தேங்குகின்றன. தடை நீங்கியதும் ஒன்றுகூடி எலும்பை அரிக்கக் கூடும்.

எனவே கள ஊழியர்கள் இவ்வூசியைப் பெறுவோரிடம், வலி இல்லை என்று கருதி அடுத்த தவணையைத் தவறவிடலாகாது என்பதை எடுத்துரைத்தல் வேண்டும். நிறுத்த நேரிடின், மாற்று மருந்தை மருத்துவரே முன்கூட்டித் தீர்மானித்தல் வேண்டும்.