மூன்று மீட்டரில் நிற்கும் லென்ஸ்

டீ வரட்டும். அதற்குள், மிரர்லெஸ் கேமரா வாங்கியவர்கள் சில மாதங்களில் கேட்கத் தொடங்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். கேமரா பாடி கைக்குள் அடங்குகிறது, ஆனால் முன்னால் மாட்டிய ஜூம் லென்ஸ் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வேலூர் பக்கத்துப் பள்ளிகொண்டா கடைத்தெருவில் அதைத் தூக்கினால், "எந்த டிவி சார்?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார். நாம் எடுக்க நினைத்த படம் அதோடு போயிற்று. சட்டைப் பையில் போடும் அளவுக்குச் சின்ன லென்ஸ் கிடைக்காதா என்று தேடினால், கிடைப்பவற்றில் நிறைய மேனுவல் போகஸ். வளையத்தை நாமே திருப்ப வேண்டும். அங்கேதான் பலர் தயங்கி நின்றுவிடுகிறார்கள்.

அந்தத் தயக்கம் தேவைதானா என்று பார்க்க, போகஸ் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகள் கொஞ்சம் முன்னே போகும், கொஞ்சம் பின்னே வரும். அவை ஓரிடத்தில் நிற்கும்போது, குறிப்பிட்ட ஒரு தூரத்தில் இருக்கும் பொருள் சென்சாரின் மேல் மிகக் கூர்மையாக விழுகிறது. ஆக, போகஸ் செய்வது என்பது ஒரு தூரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான். ஆட்டோ போகஸ் லென்ஸில் அந்தத் தூரத்தைக் கேமரா கண்டுபிடிக்கிறது, உள்ளே இருக்கும் மோட்டார் கண்ணாடியை நகர்த்துகிறது. மேனுவல் லென்ஸில் மோட்டார் இல்லை, நம் விரல்தான். சின்னதாகச் செய்ய முடிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் அபர்ச்சர், அதாவது ஒளி உள்ளே வரும் திறப்பு. எஃப் எண் என்பது, லென்ஸின் குவிய தூரத்தை இந்தத் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.4 என்றால் திறப்பு ஏறக்குறைய 36 மி.மீ. இருக்க வேண்டும். 35 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8 என்றால் 12.5 மி.மீ. போதும். திறப்பு பெரிதானால் கண்ணாடி பெரிதாகும், கண்ணாடி பெரிதானால் எடையும் விலையும் ஏறும். சின்ன லென்ஸ் வேண்டும் என்று புறப்பட்டு எஃப் 1.2-ஐயும் கேட்டால் இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது கடினம். எஃப் 2, 2.8 என்ற அளவுகளில்தான் கச்சிதமான லென்ஸ்கள் அதிகம்.

இப்போது எல்லோருக்கும் இருக்கும் அந்தத் தப்பெண்ணத்துக்கு வருவோம். மேனுவல் போகஸ் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வளையத்தை முன்னும் பின்னும் திருப்பி, கூர்மை வந்த பிறகு அழுத்த வேண்டும். அதற்குள் எதிரே இருப்பவர் போய்விடுவார் என்று நினைக்கிறோம். ஆட்டோ போகஸ் செய்யும் வேலையையே கையால் மெதுவாகச் செய்வதாக எண்ணிக்கொள்வதால் வரும் பயம் இது. பேருந்தைத் துரத்திப் பிடிப்பது ஒரு வழி. அது எங்கே நிற்கும் என்று தெரிந்துகொண்டு நிறுத்தத்தில் முன்பே போய் நிற்பது இன்னொரு வழி. ஆட்டோ போகஸ் முதல் வழியில் வேலை செய்கிறது. சின்ன மேனுவல் லென்ஸ் இரண்டாவது வழிக்காகச் செய்யப்பட்டது.

முன்பே போய் நிற்பது எப்படி? லென்ஸைக் கையில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வளையத்தில் மீட்டரிலும் அடியிலும் எண்கள் பொறித்திருக்கும்: 0.7, 1, 1.5, 2, 3, 5, கடைசியில் முடிவிலியைக் குறிக்கும், படுத்த எட்டு. அதன் கீழே அசையாத பகுதியில் நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் 4, 8, 16 என்று எண்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். 35 மி.மீ. லென்ஸை, பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் கேமராவில் மாட்டி, அபர்ச்சரை 8-இல் வைத்து, 3 மீட்டரை நடுக்கோட்டுக்குக் கொண்டுவருவோம். இப்போது ஒரு பக்கத்து 8 இரண்டு மீட்டருக்குச் சற்று உள்ளேயும், மறுபக்கத்து 8 ஏறக்குறைய ஏழு மீட்டரிலும் நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவை எல்லாம் படத்தில் கூர்மையாகத் தெரியும். மிகச்சரியான கூர்மை 3 மீட்டரில்தான் என்றாலும், படத்தை மிகவும் பெரிதாக்கிப் பார்த்தால் ஒழிய அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டிலிருந்து ஏழு மீட்டர் என்பது எவ்வளவு பெரிய இடம் என்று நினைத்துப் பாருங்கள். வெயில் விழும் டீக்கடை வாசலில் மாஸ்டர் டீ ஆற்றுகிறார். மூன்று மீட்டர் தள்ளி, அதாவது நாலு எட்டு பின்னால் நிற்கிறோம். அவர் முகம், மேலே போகும் கை, குவளைக்கும் டம்ளருக்கும் நடுவில் நீளும் டீ, பின்னால் பெஞ்சில் பேப்பர் படிப்பவர் என எல்லாமே அந்தப் பட்டைக்குள் வந்துவிட்டன. வளையத்தைத் தொடவே வேண்டாம். காலையில் ஷூ கம்பெனி வேன் வந்து நின்று, சாப்பாட்டுப் பையோடு பெண்கள் ஏறும் அந்த அரை நிமிடத்திலும் இதே கதைதான். எந்த முகத்தைப் பிடிப்பது என்று கேமரா யோசிக்க வேண்டியதில்லை. அழுத்தினால் படம்.

இது புதிய வித்தை ஒன்றும் இல்லை. பரோடாவில் தயாராகி நம் வீடுகளுக்கெல்லாம் வந்த அக்ஃபா கிளிக் 3 கேமராவில் போகஸ் வளையமே கிடையாது. தூரம் தொழிற்சாலையிலேயே நிலையாக வைக்கப்பட்டது. அதில் எடுத்த குடும்பப் படங்கள் இன்றும் ஆல்பத்தில் பார்க்கும்படி இருக்கின்றன. வேலூரிலிருந்து போளூர் வழியாகப் போனால் வரும் திருவண்ணாமலையில், 1950 ஏப்ரலில், ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் படமெடுத்தார். அவர் கருவி லைக்கா. பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ். ஆட்டோ போகஸ் கேமரா கடைக்கு வந்ததே 1977-இல்தான். அதற்கு முந்தைய செய்திப்படம், கல்யாணப்படம், தெருப்படம் எல்லாம் பெரும்பாலும் விரலால் தூரம் வைத்து எடுத்தவை.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு, அதையும் தெரிந்துகொள்வோம். அபர்ச்சரைத் திறக்கத் திறக்கப் பட்டை குறுகும். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.4 வைத்து ஒரு மீட்டரில் இருக்கும் முகத்தை எடுத்தால், பட்டை மூன்று சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். கண் கூர்மையாக இருக்கும், காது கலங்கிவிடும். அங்கே கணக்கு உதவாது, பார்த்துத்தான் வைக்க வேண்டும். அதற்கு மிரர்லெஸ் கேமராவிலேயே இரண்டு வசதிகள் இருக்கின்றன. ஒன்று போகஸ் பீக்கிங்: கூர்மையான விளிம்புகளைத் திரையில் வண்ணக் கோடாகக் காட்டும். மற்றொன்று உருப்பெருக்கம்: ஒரு பொத்தானை அழுத்தினால் கண் இமை வரை பெரிதாகத் தெரியும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு இது போதும். ஓடும் பேரனுக்கும், மங்கிய மண்டபத்தில் நடக்கும் கல்யாணத்துக்கும் ஆட்டோ போகஸ் லென்ஸே நல்லது.

சரி, எந்த லென்ஸ்? முதலில் நம் கேமராவின் சென்சார் அளவைப் பார்ப்போம். ஃபுல் ஃப்ரேம் என்றால் 28, 35, 50 ஆகிய எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஏ.பி.எஸ்.சி. என்ற சின்ன சென்சார் என்றால் காட்சி குறுகிவிடும். எண்ணை ஒன்றரையால் பெருக்க வேண்டும், கேனனில் 1.6-ஆல். அதனால் 35-இன் பார்வை வேண்டுமானால் அதில் 23 அல்லது 25 மி.மீ. வாங்க வேண்டும். இதில் ஒரு லாபமும் இருக்கிறது. 23 மி.மீ. லென்ஸை எஃப் 8, 3 மீட்டரில் வைத்தால், பட்டை ஒன்றரை மீட்டருக்குச் சற்று அப்பாலிருந்து ஏறத்தாழ முப்பது மீட்டர் வரை போகும். சின்ன சென்சார் வைத்திருப்பவர்கள் வருத்தப்படத் தேவையில்லை. முன்பே தூரம் வைக்கும் முறைக்கு அது கூடுதல் வசதி.

அடுத்தது, பழைய லென்ஸா புதியதா என்ற கேள்வி. பல ஊர் ஸ்டுடியோ அலமாரிகளில் பிலிம் காலத்து நிக்கான், பென்டாக்ஸ், யாஷிகா லென்ஸ்கள் தூங்குகின்றன. அடாப்டர் வளையம் போட்டால் மிரர்லெஸ்ஸில் மாட்டலாம். ஒரு பாடியில் வேறொரு லென்ஸைப் பொருத்துவதும் இங்கே பழைய பழக்கம்தான். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன், ஒரு கம்பெனியின் பாடியையும் இன்னொன்றின் தொலைவு லென்ஸையும் தானே இணைத்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பேர் வைத்துக் காட்டுக்குள் எடுத்துப்போனவர். ஆனால் நாம் தேடுவது கச்சிதம். அதனால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பழைய எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆட இடம் தேவைப்பட்டது. அதனால் நிக்கானில், மவுன்ட் எனப்படும் லென்ஸ் மாட்டும் இடத்துக்கும் பிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. விட்டிருந்தார்கள். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி இல்லை. சோனியில் அதே இடைவெளி 18 மி.மீ. மீதி 28.5 மி.மீ. இடைவெளியை அடாப்டர்தான் நிரப்ப வேண்டும். கையில் குட்டியாக இருந்த லென்ஸ், மாட்டிய பிறகு கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் நீண்டுவிடும். லைக்கா எம் வகை லென்ஸுக்கு இந்த இடைவெளி 27.8 மி.மீ. மட்டுமே என்பதால், அடாப்டர் ஒரு சென்டிமீட்டர்தான். சின்னதாக இருக்க வேண்டும் என்பதே முதல் தேவை என்றால், நம் கேமரா மவுன்ட்டுக்கென்றே செய்த லென்ஸையோ லைக்கா மவுன்ட் லென்ஸையோ பார்க்க வேண்டும்.

அந்த லைக்கா மவுன்ட்டிலும் இரண்டு விஷயங்களைக் கவனிப்போம். பிலிமுக்காகச் செய்த 28 மி.மீ., அதைவிட அகலமான லென்ஸ்கள் டிஜிட்டல் சென்சாரில் ஓரங்களைக் கலங்கடிப்பதுண்டு. ஒளி சாய்வாக வந்து சென்சாருக்கு மேலிருக்கும் கண்ணாடித் தகட்டைக் கடக்கும்போது வரும் கோளாறு அது. 50-இல் இந்தத் தொல்லை பெரிதாக இருக்காது. இரண்டாவது, இவற்றில் பல 70 சென்டிமீட்டருக்குக் கிட்டே போகாது. ஆம்பூருக்கோ வாணியம்பாடிக்கோ அனுப்ப வேண்டிய தோல் மாதிரியையும் ஷூவையும் மேசையில் வைத்துப் படமெடுப்பது உங்கள் வேலை என்றால், 45 சென்டிமீட்டர் வரை போகும் பழைய எஸ்.எல்.ஆர். 50 மி.மீ. லென்ஸே கைகொடுக்கும். அங்கே நீளம் ஒரு குறையே இல்லை.

புதிதாக வாங்கினால், ஜப்பானில் கோசினா செய்யும் ஃபோக்ட்லேண்டர் ஒரு முனை. சீனாவிலிருந்து வரும் டிடி ஆர்ட்டிசன், செவன் ஆர்ட்டிசன்ஸ் மறுமுனை. சோனி மவுன்ட்டுக்கான ஃபோக்ட்லேண்டர் லென்ஸ்களில் மின்தொடர்பு உண்டு. வளையத்தைத் திருப்பியதும் கேமரா தானே உருப்பெருக்கிக் காட்டும், படத்தின் விவரங்களிலும் அபர்ச்சர் பதிவாகும். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் இது இருக்காது. அப்போது மெனுவில், லென்ஸ் இல்லாமலும் படமெடுக்கும் அமைப்பை இயக்க வேண்டும். பாடியில் அதிர்வுக் கட்டுப்பாடு இருந்தால் லென்ஸின் மி.மீ. எண்ணையும் நாமே கொடுக்க வேண்டும்.

பழையதை வாங்கினால் ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். பின்பக்கத்திலிருந்து ஒளி பாய்ச்சி முன்னாலிருந்து பார்த்தால், சிலந்தி நூல் போல ஃபங்கஸ் தெரியும், தெரிந்தால் விட்டுவிடுங்கள். அபர்ச்சர் தகடுகளில் எண்ணெய் மினுக்கம் இருக்கிறதா, வளையம் ஒரே சீராகச் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். நம் பக்கத்து வெயிலில் உள்ளே இருக்கும் கிரீஸ் இளகி இறங்குவதுண்டு. வாங்கிய பிறகு ஒன்று நினைவிருக்கட்டும்: தோலுக்குப் பேர்போன பகுதியில் இருந்தாலும், லென்ஸைத் தோல் உறையில் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஃபங்கஸுக்கு அதுதான் வேண்டும். ஷூ டப்பாவுக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் லென்ஸையும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள்.

இவ்வளவையும் சேர்த்து ஒரு முடிவு சொல்கிறேன். முதல் மேனுவல் லென்ஸாக, 35 மி.மீ. பார்வை தரும் ஒன்றை, எஃப் 2 அல்லது 2.8-இல், உங்கள் கேமரா மவுன்ட்டிலேயே வாங்குங்கள். தூர எண்கள் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். அந்த எண்கள் இல்லாத லென்ஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வேலைக்கு உதவாது. வளையத்தில் விரல் வைக்க ஒரு சின்ன முளை இருந்தால், பார்க்காமலேயே தூரம் வைக்கப் பழகிவிடலாம்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். இப்போது இருக்கும் ஜூம் லென்ஸை அதே 35 மி.மீ. பார்வையில் நிறுத்தி, எஃப் 8 வைத்து, நாலு எட்டு தள்ளியிருக்கும் கதவின் மேல் ஒருமுறை போகஸ் செய்து, ஆட்டோ போகஸை அணைத்துவிடுங்கள். அதோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடைத்தெருவைச் சுற்றி வாருங்கள். அன்று வரும் படங்கள் பிடித்திருந்தால் லென்ஸ் வாங்குங்கள்; பிடிக்காவிட்டால் பணம் மிச்சம்.