புதையல் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடம்!

மண்ணுக்குள் புதையல் இருக்கிறதா? மை போட்டுப் பார்க்க வேண்டாம். பழைய வரைபடத்தைப் பாருங்கள்!

1802-ல் சென்னை பரங்கிமலை அருகே லாம்ப்டன் என்ற அதிகாரி சங்கிலியால் நிலத்தை அளக்கத் தொடங்கினார். பிறகு நாடு முழுவதற்கும் வரைபடங்கள் வந்தன. அழிந்துபோன ஊர், தூர்ந்துபோன குளம், மறைந்துபோன பாதை ஆகியவை பழைய படங்களில் இருக்கும். மனிதர் நடமாடிய இடத்தில்தானே காசு விழுந்திருக்கும்?

நிலத்தின் பெயரும் துப்புச் சொல்லும். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் உள்ள விருதுநகர் மாவட்டத்தில், வைப்பாற்றங்கரையில் இருக்கிறது வெம்பக்கோட்டை. அங்குள்ள மேட்டின் பெயர் மேட்டுக்காடு. 2022-ல் தொல்லியல் துறையினர் அங்கே தோண்டினார்கள். தங்க அணிகலன், சங்கு வளையல், சுடுமண் பொம்மை எல்லாம் கிடைத்தன!

இடம் தெரிந்துவிட்டது என்று மண்வெட்டியைத் தூக்காதீர்கள். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். 1878-ம் ஆண்டுச் சட்டம் இது. மறைத்தால் ஓராண்டு வரை சிறை!

உலோகம் காட்டும் கருவி, காசு இருப்பதை மட்டுமே சொல்லும். அது எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று பார்த்தால்தான் காலம் தெரியும். அவசரப்பட்டுப் பெயர்த்தால் காசு மிஞ்சும், வரலாறு போய்விடும்.